ஜும்ஆ நேரத்துச் சோதனை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குப் பிறகு எங்கள் இடம்பெயர்ந்தோர் சங்கத்து அலுவலகத்தில் கொம்பியூட்டரைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. செயலாளர் என்ற முறையில் அப்படியொரு விதியை நான்தான் போட்டிருக்க வேண்டும். போட்டவர் தாத்தா. எங்கள் ஆட்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிடுவோம். வேறு ஊர்க்காரர் கேட்டால் தாடி நரைத்த ஒரு கிழவரை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தாத்தாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாங்கள் வந்து குடியிருந்த புத்தளத்துக் கரைத்தீவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ‘கொம்பியூட்டர் தாத்தா’. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

போர் முடிந்து, மன்னார்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்ற கதை தொடங்கிய வருடங்கள் அவை. ஊர் காடாகிக் கிடந்தது. எது யாருடைய வளவு என்று காட்டக் கடதாசி வேண்டும். தொண்ணூறில் ஆயுத இயக்கம் எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்த சனம் நாங்கள். தலையணை உறைக்குள்ளும் மாவு டின்னுக்குள்ளும் இருபது வருடம் கிடந்த காணிப் பெர்மிட்டுகளையும் உறுதிப் பத்திரங்களையும் கொண்டுவந்து தாத்தாவின் மேசையில் வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் பிரித்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, ஸ்கேன் பண்ணி, உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த மழைக்குக் கடலேரியான களப்பு பொங்கி முகாம் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. திருப்பிக் கொடுத்ததில் பாதி கூழாகிப் போனது. அதன்பிறகு பல குடும்பங்களுக்கு ஊரில் காணி இருந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி, எங்கள் அலுவலகத்துப் பழைய கொம்பியூட்டரின் ஹாட் டிஸ்க்தான்.

அன்றிலிருந்து அந்தப் பெண் நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்ததை நான் பார்க்கவில்லை.

பயம் என்றால் அப்படியொரு பயம். காலையில் வந்ததும் சுவிட்சைப் போடுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துவார். அறையில் கதைக்கிறவர்களைக் கை காட்டி நிறுத்துவார். பிறகு முக்காட்டை ஒரு பக்கம் ஒதுக்கிக் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொல்வார். உள்ளே டிஸ்க் சுற்றத் தொடங்கும் சத்தம் நேற்றுப்போல் இருக்கிறதா என்று கேட்பதற்கு. நேற்றுப்போல் இருந்தால் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். வெளியில் வரிசையில் நிற்கிற கிழவிகளும் அவரோடு சேர்ந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்வார்கள், என்ன ஏது என்று தெரியாமலே.

கொம்பியூட்டரோடு மட்டும் நின்ற பயமில்லை இது. ஒட்டிய கடித உறையைத் திரும்பக் கிழித்து, உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பார். பஸ்ஸில் பிள்ளைகள் மூன்று பேரையும் எண்ணுவார், ஏறும்போதும், வழியில் பாலாவியிலும், இறங்கும்போதும். நான் பகிடி பண்ணுவேன். “தாத்தா, வீட்டுக்குப் போய் உங்கட மாப்பிள்ளையையும் ஒருக்கா எண்ணிப் பாருங்க” என்பேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்வார்.

ஏன் இப்படி என்பதை அவர் ஒரேயொரு தடவைதான் சொன்னார், அதுவும் கேட்காமலே. ஊரை விட்டு வந்த அன்று, காணிப் பத்திரம் இருக்கிற பையை எடுத்து வா என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அலுமாரிக்குள் ஒரே மாதிரி இரண்டு பை. பதினேழு வயதுப் பிள்ளை, வாசலில் சனம் கத்துகிறது, ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். கற்பிட்டியில் வள்ளத்தால் இறங்கி, நனைந்த சாமான்களைக் கரையில் காயப்போடும்போது வாப்பா பையைத் திறந்தார். உள்ளே கிணறு கட்டியபோது வாங்கிய சீமெந்துப் பற்றுச்சீட்டும், இறந்துபோன மாட்டின் இலக்கக் கடதாசியும், பழைய கல்யாண அழைப்பிதழ்களும் இருந்தன. வாப்பா ஏசவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மடித்து அதே பைக்குள் வைத்துக்கொண்டாராம். மௌத்தாகிக் கண்ணை மூடுகிறவரைக்கும் அதைப்பற்றி ஒரு கதையும் இல்லையாம். “ஒரு அடி அடிச்சிருந்தா நல்லம்” என்றார் தாத்தா. எனக்கு அந்த இடத்தில் பகிடி வரவில்லை.

டிஸ்க்கை எப்போது சோதிப்பது என்பதில் அவருக்கும் எனக்கும் நடந்த வழக்கு ஊரறிந்தது. பிரச்சினை வந்தால் சோதிப்போம் என்பது என் கட்சி. சங்கத்தில் பாதிப்பேர் என் பக்கம். தாத்தா ஒருநாள் கூட்டத்திலேயே எழும்பிச் சொன்னார்: “பிழை வந்த பொறகு பாக்கிறது சோதனை இல்ல. அது செத்த மையித்தக் குளிப்பாட்டுற.”

வாரம் ஒரு தரம், நல்லாயிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆனால் எந்த நேரத்தில் என்பதை அவர் உடனே சொல்லவில்லை. ஒரு மாதத் தவணை கேட்டார். அந்த ஒரு மாதமும் மேசைக்கு மேலே தொங்குகிற குண்டு பல்பை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கரண்ட்டைப்பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் மரம் அரிகிற மரக்காலை, ஒரு பக்கம் ஐஸ் பெக்டரி, சுற்றிவர வெங்காயத் தோட்டத்து மோட்டர்கள். அவை ஒன்றாக இழுக்கத் தொடங்கினால் பல்பு மஞ்சளாகி விடும். நின்றால் வெள்ளை. டிஸ்க் சோதனை நடக்கிறபோது கரண்ட் விழுந்தால், அது திருத்திக்கொண்டிருக்கிற இடத்திலேயே எல்லாம் குழம்பிப்போகலாம். சோதிக்காமல் விடுவதைவிட அது மோசம். சோதனை முடிய ஐம்பது நிமிடம் வேண்டும். கிழமையின் ஏழு நாளில், அலுவலகம் திறந்திருக்கிற பொழுதுக்குள், ஐம்பது நிமிடம் ஒரே வெள்ளையாகப் பல்பு எரிகிற நேரம் எது என்று அவர் ஒரு மாதம் பார்த்துக் கண்டுபிடித்தார். வெள்ளி, ஜும்ஆ நேரம். மரக்காலைக்காரனும் ஐஸ்காரனும் தோட்டக்காரனும் மோட்டரை நிறுத்திவிட்டு ஜும்ஆத் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அலுவலகத்தில் காத்திருக்கிற ஆம்பிளைகளும் இல்லை. காத்திருக்கிறவரின் முகத்தைப் பார்த்தால் சோதனையை நிறுத்தத்தான் கை போகும் என்று அதையும் கணக்கில் எடுத்திருந்தார்.

ஜும்ஆவுக்குப் போகாமல் அலுவலகத்தில் இருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். எங்கள் பக்கம் பெண்கள் ஜும்ஆவுக்குப் போகிற வழக்கமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைச் சோதனை அவருக்கு மட்டுமே உரிய வேலையாயிற்று. பாங்கு சொன்னதும் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டுவிடுவார். ஒரு தடவை புத்தளத்திலிருந்து காணிப் பகுதி அதிகாரி ஒருவர் பட்டியல் கேட்டு வந்து, அரைமணி நேரம் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். தாத்தா ஜன்னலால் ஒரு பிளேன்டீயும் ஒரு துண்டு பாணும் நீட்டினாராம், கதவைத் திறக்கவில்லையாம். நான் பள்ளியால் வந்து மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு ஜன்னலால் எட்டித் தாத்தாவை ஏசினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நூற்றுக்கு எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், தவறிக்கூட ஒரு பொத்தானில் கை பட்டுவிடக் கூடாது என்று.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்க வெளியே இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் கேட்டார். மூன்று தடவையும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தள்ளியது நான்தான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தால் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தேன்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைப்பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

வாப்பாவின் காணிக்குத் தாத்தாவிடம் கடதாசி இல்லை என்றேன் அல்லவா. மன்னார்க் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், பழைய பதிவில் பிரதி இருக்கலாம் என்று யாரோ சொல்ல, அவர் ஒரு வியாழன் காலை புறப்பட்டார். சனிக்கிழமைதான் திரும்புவார். போகிறபோது என்னிடம் வந்து தெளிவாகச் சொன்னார். “இந்தக் கெழம சோதனை இல்லாட்டிப் பரவாயில்ல. ஒரு கெழம விட்டா ஒண்டும் ஆகாது. நீங்க தொட வேணாம், செயலாளர்.”

தொட வேணாம் என்று என்னிடம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஒன்று. இன்னொன்று, அவர் போன பிறகு அந்த அறையில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. உண்மையாகவே பயம். நான் பகிடி பண்ணிய பெண்ணின் பயம் எனக்குத் தொற்றியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. சோதிக்காமல் விடுகிற இந்த வாரத்திலேயே டிஸ்க் போய்விட்டால்? எங்கள் ஊர்ச் சம்சுதீன் நானாவுக்கு அடுத்த வாரம் காணிக் கச்சேரி, அதிகாரிகள் காணியை விசாரிக்கிற நாள். அவருடைய பெர்மிட் வெள்ளத்தில் போய், கொம்பியூட்டர் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவை விட்டுவிட்டு இங்கே உட்கார முடியாது. அப்படியானால் இன்றைக்கே செய்துவிடுவோம் என்று நினைத்தேன். வியாழன், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு. அவருடைய பயம் தொற்றிய எனக்கு அவருடைய நிதானம் தொற்றவில்லை.

அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். கறுப்புத் திரை வந்தது. எண்கள் ஓடத் தொடங்கின. அஸருக்குப் பிறகுதான் தோட்டக்காரர் தண்ணீர் இறைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தபோது பல்பு ஏற்கெனவே மஞ்சள். நிறுத்தவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. நூற்றுக்கு நாற்பத்துநாலில் கரண்ட் முழுதாகப் போய்விட்டது. யூ.பி.எஸ் கீச்சுக் கீச்சென்று இரண்டு நிமிடம் கத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்து, திரை அணைந்தது. வெளியே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. யாசீன் சூரா ஓதத் தொடங்கி, பாதியில் மறந்துபோய், திரும்பத் தொடங்கினேன்.

கால்மணி நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டியைப் போட்டேன். அது தானே திரும்பச் சோதித்து, ஏதேதோ திருத்தியதாகச் சொல்லி, வழக்கம்போலத் திறந்தது. நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. கும்பிடாத குறையாக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். போகிற வழியிலேயே, யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை தாத்தா வந்தார். மன்னாரில் வாப்பாவின் பெர்மிட்டுக்குப் பிரதி கிடைத்துவிட்டது. அத்தாட்சிப்படுத்திய முத்திரையோடு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நெஞ்சோடு வைத்திருந்தார். அவர் முகத்தை நான் அவ்வளவு வெளிச்சமாகப் பார்த்ததில்லை. மின்விசிறியை நிறுத்தினார். காதை வைத்தார். அல்ஹம்துலில்லாஹ் சொல்லவில்லை.

அரைமணி நேரம் ஒவ்வொரு கோப்பாகத் திறந்தார். பதினொரு கோப்புகள் திறக்கவில்லை. அதில் ஒன்று சம்சுதீன் நானாவின் பெர்மிட். பேரில்லாத துண்டுகளாக கொம்பியூட்டருக்குள் எங்கேயோ ஒரு புதிய போல்டர் உறைக்குள் கிடந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. என்னைக் கேட்டார், யாராவது பெட்டியைப் போட்டார்களா என்று.

“நான் தொடவே இல்ல தாத்தா. அறை பூட்டித்தான் கிடந்தது.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். “சரி” என்றார். அவ்வளவுதான். பிறகு எழும்பி, சம்சுதீன் நானாவின் வீட்டுக்கு அவரே நடந்து போய் விசயத்தைச் சொன்னார். அந்த மனிசன் சாட்சிக்கு இரண்டு கிழவர்களைக் கூட்டிக்கொண்டு காணிக் கச்சேரிக்குப் போனார். பிறகு அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மௌத்தாகிறவரை அறிவிக்கவில்லை.

அதற்குப் பிறகு தாத்தா வெள்ளிக்கிழமை ஒன்றைக்கூட விடவில்லை. காய்ச்சலோடு வந்தார். சாச்சியின் மகளின் கல்யாணத்தில் நிக்காஹ் முடியுமுன்னே எழும்பி வந்தார். கொம்பியூட்டர் மேசைக்கு ஒரு துணி தைத்துப் போட்டார், தன் சாவியை வீட்டுக்கே கொண்டுபோனார், செயலாளருக்குரிய மற்றச் சாவி மட்டும் என்னிடம் இருந்தது. தான் ஊரில் இல்லாததால்தான் இப்படி நடந்தது என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார் என நினைத்தேன். பையை மாற்றி எடுத்த பிள்ளை அல்லவா. அது எனக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் சொல்லப் பயம். சங்கம் கூடும், பதினொரு குடும்பமும் என் முற்றத்தில் வந்து நிற்கும், செயலாளர் பதவி போகும். ஒவ்வொரு ஜும்ஆவிலும் தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். அலுவலக வாசலுக்கு வரும்போது அந்த நினைப்பு போய்விடும்.

மூன்று மாதம் கழித்துத் தாத்தாவின் பேருக்குத் தபாலட்டை வந்தது. வாப்பாவின் காணிக்கு விசாரணை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில், காலை ஒன்பது மணிக்கு, உரியவர் நேரில் வர வேண்டும், வராதவரின் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தேதி ஒரு வெள்ளிக்கிழமை.

நான்தான் ஓடித் திரிந்தேன். வில்பத்துக் காட்டு வழியால் போகிற வான் ஒன்றை ஒழுங்கு பண்ணினேன். விடியமுன் சுபஹுத் தொழுகையோடு வாசலுக்கு வரும், பகல் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். தன் வீட்டுக்காரரைப் பிரதியோடு அனுப்பலாமா என்று கேட்டார். உரியவர்தான் வர வேண்டும் என்று அட்டையை வாசித்துக் காட்டினேன். “ஓம்” என்றார்.

அந்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது வான்காரனைக் கண்டேன். தாத்தா வரவில்லை, வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தார், அங்கே பேரைக் கூப்பிட்டு ஆளில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றான். எப்படி அலுவலகத்துக்கு வந்தேன் என்று தெரியாது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று உள்ளிருந்து குரல் வந்தது. நின்றேன். வெயிலில் நின்று கொண்டிருக்கும்போது மரக்காலையில் வாள் இழுக்கத் தொடங்கியது. ஒரு நாலு நிமிடம் இருக்கும். எனக்கு அது நாலு நிமிடமாக இல்லை.

கதவைத் திறந்துவிட்டு அவர் திரும்பப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். முத்திரை குத்திய பிரதியின் உறை மட்டும் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வியாழன், அஸர், மோட்டர், நாற்பத்துநாலு. உங்களில் பிழையில்லை தாத்தா, நான்தான், நீங்கள் இல்லாத குற்றமில்லை, இதை நினைத்து இனி ஒரு வெள்ளியும் இங்கே கிடக்க வேண்டாம் என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்” என்றார். “ஒடஞ்ச துண்டெல்லாத்தையும் போட்டு மெஷின் ஒரு உறை செஞ்சு வெச்சிருந்திச்சே. அதுல நாளும் நேரமும் இருந்திச்சி. வியாழன், அஞ்சு பத்து. நான் இல்லாத நேரம் அறைத் தொறப்பு உங்ககிட்ட மட்டும்தானே இருந்த.”

அப்படியானால் ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை என்றேன். ஏன் இன்றைக்குப் போகவில்லை என்றேன். என்னையறியாமல் கத்திவிட்டேன் போலிருக்கிறது.

அவர் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, மிகவும் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“பிழை விட்டதுக்கு நான் பயப்பிடல்ல. எல்லாரும்தானே விடுற. தொடவே இல்லண்டு சொன்னீங்களே, அதுக்குத்தான் பயந்த. நான் போனா இன்னொருக்காத் தொடுவீங்க. தொட்டுட்டு, இல்லண்டு சொல்லுவீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இண்டைக்குப் போயிருப்பன்.”